பிறந்த கன்றின் தோலில் கட்டி: பதற்றமும் வேண்டாம், பாராமுகமும் வேண்டாம்

பசு கன்று ஈன்றதும் அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி, "கிடேரியா, காளையா?" என்பதுதான். ஒன்றிரண்டு கறவை மாடுகளை நம்பிக் குடும்பம் நடத்தும் சிறு விவசாயிக்குக் கிடேரிக் கன்று வைப்பு நிதி போன்றது. நல்ல முறையில் வளர்த்தால் கலப்பினக் கிடேரி இரண்டரை வயதளவில் தலைச்சன் கன்று ஈன்று பால் தரத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட கன்று தாடையிலோ, கழுத்திலோ, காலிலோ எலுமிச்சம்பழம் அளவு கட்டியுடன் பிறந்துவிட்டால் வீட்டில் கவலை சூழ்ந்துவிடுகிறது.

கிரகணத்தன்று பசு வெளியில் நின்றதால் வந்தது என்பார் ஒருவர். தொற்று நோய், மற்ற மாடுகளுக்கும் பரவும் என்பார் இன்னொருவர். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டால் சுருங்கிவிடும் என்பார் மூன்றாமவர். தரகர் வந்து பார்த்து, "இது தேறாது" என்று அடிமாட்டு விலை பேசுவார். இவர்கள் பேச்சைக் கேட்டு நல்ல கிடேரியை விற்றுவிடுவதும் உண்டு. சூடு போட்டுப் புண்ணாக்கிக் கன்றையே இழப்பதும் உண்டு. கட்டி இன்னதென்று அறிந்து செயல்பட்டால் இந்த இரு வகை நஷ்டத்தையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

கருவிலேயே தோன்றும் கட்டிகள்

தாயின் வயிற்றில் கரு வளரும்போது தோல், இரத்தக்குழாய், தசை முதலிய உறுப்புகள் ஒரு ஒழுங்கில் உருவாகின்றன. இந்த ஒழுங்கில் எங்கேனும் ஒரு சிறு பிசகு நேர்ந்தால், ஓரிடத்தில் மட்டும் உயிரணுக்கள் தேவைக்கு மேல் பெருகித் திரண்டுவிடும். அதுவே கன்று பிறக்கும்போது கட்டியாகத் தெரிகிறது. இவ்வகைப் பிறவிக் கட்டிகள் மாடுகளில் அபூர்வமானவை. ஒரு கிராமத்தில் பல ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு கன்றில் காணப்பட்டாலே அதிகம். கிரகணத்திற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. பசுவைக் கட்டிய இடமும் இதற்குக் காரணமாகாது. இது மற்ற மாடுகளுக்குப் பரவுவதில்லை, மனிதருக்கும் தொற்றாது. தாய்ப் பசுவின் பாலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பிறவிக் கட்டிகளில் கீழ்க்கண்டவை முக்கியமானவை.

கருநிறக் கட்டி: தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களில் இருந்து உண்டாவது. உருண்டையாக, கறுப்பாக அல்லது கருஞ்சாம்பல் நிறமாக இருக்கும். மேலே முடி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வெட்டிப் பார்த்தால் உள்ளேயும் மை போன்ற கறுப்பு தெரியும். மனிதரிலும் நாயிலும் இவ்வகைக் கட்டி கொடிய புற்றாக இருப்பதுண்டு. ஆனால் கன்றுகளில் தோன்றுபவை பெரும்பாலும் தீங்கற்றவை. ஒரே கட்டியாக இருந்து, முழுமையாக அகற்றப்பட்டால் பொதுவாகத் திரும்ப வருவதில்லை.

இரத்தக்குழாய்க் கட்டி: சிவந்து அல்லது ஊதா நிறத்தில் மென்மையாக இருக்கும். கட்டுத்தறியில் உரசினாலே இரத்தம் கசியும். கீழ்த்தாடையின் முன்பற்களை ஒட்டி ஈறில் இளஞ்சிவப்பு நிறத்தில் தோன்றும் கட்டியும் இவ்வகையைச் சேர்ந்ததே. இது வளர்ந்து பற்களை விலக்கிவிடும். கன்று மடியைப் பற்றிப் பால் குடிக்கச் சிரமப்படும்.

பல கட்டிகளாக வருபவை: தோலில் உள்ள ஒரு வகைத் தற்காப்பு உயிரணுக்கள் திரண்டு உண்டாகும் கட்டிகள், பிறக்கும்போதே உடலெங்கும் பலவாகப் பரவியிருக்கலாம். சில உடைந்து புண்ணாகவும் காணப்படும். ஒற்றைக் கட்டியைவிட இது கவலைக்குரியது. மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

கட்டி போலத் தோன்றும் வேறு குறைகள்

பிறந்த கன்றில் காணும் வீக்கமெல்லாம் கட்டியல்ல. பல வேளைகளில் அது வேறு குறையாக இருக்கும்.

தொப்புளில் மென்மையான வீக்கம் இருந்து, கன்றை மல்லாத்திப் படுக்கவைத்து விரலால் அழுத்தினால் உள்ளே போய்விட்டு, எழுந்து நின்றதும் மீண்டும் வந்தால் அது குடலிறக்கம். உள்ளே உள்ள வளையத்தில் இரண்டு விரல் நுழையும் அளவே இருந்தால் கன்று வளர வளரத் தானே மூடிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதைவிடப் பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படும். இதைக் கட்டி என்று நினைத்துக் கத்தி வைத்தால் குடல் வெளியே வந்துவிடும். முன்பு உள்ளே போய்க்கொண்டிருந்த வீக்கம் திடீரென்று கெட்டிப்பட்டு வலி கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

தொப்புள் சூடாகவும் வலியுடனும் தடித்து, சீழ் கசிந்தால் அது தொப்புள் சீழ் நோய். பிறந்தவுடன் தொப்புள் கொடியைச் சுத்தமான நூலால் கட்டி, டிங்சர் அயோடின் தடவாததன் விளைவு இது. கவனிக்காவிட்டால் கிருமிகள் இரத்தத்தில் கலந்து மூட்டுகள் வீங்கிவிடும்.

கண்ணின் கருவிழி ஓரத்தில் தோல் துணுக்கு ஒட்டியதுபோல் இருந்து, அதில் முடியும் முளைத்திருந்தால் அதுவும் பிறவிக் குறையே. முடி கண்ணை உறுத்திக்கொண்டே இருப்பதால் நீர் வடியும். நாளடைவில் விழி வெளுத்துப் பார்வை கெடும். அறுவை சிகிச்சை மூலம் இதை அகற்றலாம். மேலைநாட்டு ஹெரிபோர்டு இன மாடுகளில் இக்குறை பரம்பரையாக வருவது கண்டறியப்பட்டுள்ளது.

கிடேரிக் கன்றின் மடியில் நான்கு காம்புகளுக்கு மேல் சிறு காம்பு ஒன்றிரண்டு கூடுதலாக இருப்பது கட்டியல்ல. பிற்காலத்தில் பால் கறக்க இடையூறாக இருக்கும் என்பதால் இளவயதிலேயே கால்நடை மருத்துவர் மூலம் அகற்றிவிடலாம். எது கூடுதல் காம்பு, எது உண்மையான காம்பு என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

தொண்டையின் இருபுறமும் ஒரே அளவாகப் புடைத்திருந்தால் தாய்க்கு அயோடின் சத்துக் குறைவு ஏற்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஆட்டுக் குட்டிகளிலும் இது காணப்படுவதுண்டு. சினைப் பசுவின் தீவனத்தில் தாது உப்புக் கலவை சேர்ப்பது இதற்குத் தடுப்பு.

மரு வேறு, பிறவிக் கட்டி வேறு

கன்றுகளின் தோலில் மிகுதியாகக் காணப்படுவது மரு. இது நச்சுயிரியால், அதாவது வைரஸால் வருவது. மாட்டு மரு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றக் கூடியது என்பதையும், நுண்வடிகட்டி வழியாகச் செல்லும் கிருமியே அதற்குக் காரணம் என்பதையும் அமெரிக்க விஞ்ஞானி கிரீச் 1929ஆம் ஆண்டில் சோதனை மூலம் காட்டினார். இன்று மாடுகளைத் தாக்கும் மரு வைரஸில் பல வகைகள் பிரித்தறியப்பட்டுள்ளன. ஒரு வகை தலை, கழுத்து, தோள் ஆகிய இடங்களில் பூக்கோசு போல் மருவை உண்டாக்கும். வேறு சில வகைகள் மடிக் காம்புகளை நாடும்.

மருவையும் பிறவிக் கட்டியையும் பிரித்தறிய முதல் அடையாளம் வயதாகும். பிறவிக் கட்டி கன்று பிறந்த அன்றே இருக்கும். மரு பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வயதுக்கு உட்பட்ட கன்றுகளில், வைரஸ் உடலில் புகுந்து ஒன்றிரண்டு மாதங்களோ அதற்கு மேலோ கழிந்த பிறகு முளைக்கும். மருவுடனேயே பிறந்த கன்றுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஆனால் அவை விதிவிலக்குகளே. இரண்டாவது அடையாளம் எண்ணிக்கை. பிறவிக் கட்டி பெரும்பாலும் ஒன்றே ஒன்று. மரு ஒன்றில் தொடங்கிப் பலவாகும். அதே கொட்டகையில் உள்ள வேறு கன்றுகளிலும் தோன்றும். மூன்றாவது அடையாளம் மேற்பரப்பு. மரு சொரசொரப்பாக, உலர்ந்து, கொம்புப் பொருள் போல் இருக்கும்.

முள்கம்பி கீறல், மூக்கணாங்கயிறு, காதுத் தோடு குத்துதல், கொம்பு சுடுதல், உண்ணிக் கடி ஆகியவற்றால் தோலில் ஏற்படும் சிறு காயங்கள் வழியாக வைரஸ் புகுகிறது. எனவே மரு கண்ட கன்றைத் தனியே கட்டுவதும், அதற்கெனத் தனிக் கயிறு வைப்பதும், ஒரே ஊசியைப் பல கன்றுகளுக்குப் பயன்படுத்தாமல் இருப்பதும் அவசியம். மாட்டு மரு மனிதருக்கு ஒட்டுவதில்லை. ஆனால் கண்ணைச் சுற்றியும் முகத்திலும் வட்ட வட்டமாகச் சாம்பல் பூத்தது போன்ற திட்டு இருந்தால் அது படர்தாமரை. இது கறப்பவர் கைக்கும் குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

மருவில் இன்னொரு செய்தியும் உண்டு. கன்றின் உடலில் எதிர்ப்புச் சக்தி உண்டானதும் பெரும்பாலான மருக்கள் சில மாதங்களில், நீண்டால் ஓராண்டுக்குள், தாமே உதிர்ந்துவிடும். மருந்து போட்ட கன்றிலும் உதிரும், மந்திரித்த கன்றிலும் உதிரும், ஒன்றும் செய்யாத கன்றிலும் உதிரும். அதனால்தான் ஊருக்கு ஊர் ஒரு கைகண்ட மருந்து சொல்லப்படுகிறது. முளைத்து வளர்ந்துகொண்டிருக்கும் மருவை அவசரப்பட்டு வெட்டினால் மீண்டும் தழைத்து வரலாம். முற்றிய பிறகு அகற்றுவதே முறை. காம்பில் உள்ள மரு, கண்ணையும் வாயையும் மறைக்கும் மரு, ஓராண்டாகியும் உதிராத மரு ஆகியவற்றுக்கு மட்டும் சிகிச்சை தேவை. கன்றின் மருவில் இருந்தே தயாரிக்கும் தடுப்பு மருந்து சில இடங்களில் பயன்படுகிறது. அதன் பலன் எல்லாக் கன்றுகளிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

தோல் கழலை நோயை மறக்கலாகாது

பெரியம்மை என்று கிராமங்களில் அழைக்கப்படும் தோல் கழலை நோய் 2019ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2022ஆம் ஆண்டில் வட மாநிலங்களில் பேரளவில் பரவி ஏராளமான மாடுகளைப் பலி கொண்டது. காய்ச்சலுடன் உடலெங்கும் 2 முதல் 5 செ.மீ. அளவில் கெட்டியான கழலைகள் கிளம்புவது இதன் அறிகுறி. ஈ, கொசு, உண்ணி ஆகியவை நோயைப் பரப்புகின்றன.

சினைப் பசுவுக்கு இந்நோய் கண்டால் கருச்சிதைவு ஏற்படலாம். சில சமயம் கருவில் உள்ள கன்றையும் தொற்றி, அது தோலில் கழலைகளுடனேயே பிறப்பதும் உண்டு. எனவே பல கழலைகளுடன் கன்று பிறந்தால், தாய்க்குச் சினைக் காலத்தில் காய்ச்சலோ கழலையோ கண்டதா, அண்டை வீட்டு மாடுகளுக்கு இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கன்றையும் தாயையும் தனிமைப்படுத்தி, கால்நடை மருந்தகத்திற்குத் தகவல் தர வேண்டும். ஒற்றைப் பிறவிக் கட்டி பரவாது. தோல் கழலை நோயோ ஊரையே சூழும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் விளையும் கேடு பெரிது. இந்நோய் மனிதருக்கு வருவதில்லை.

நெறி கட்டினால்

தாடைக்குக் கீழும், தோளுக்கு முன்பும், தொடை மடிப்புக்கு முன்பும் உருண்டையான வீக்கம் இருபுறமும் தெரிந்தால் அது தோல் கட்டியல்ல, நெறி கட்டியிருக்கிறது. கலப்பினக் கன்றுகளில் இதற்கு முக்கியக் காரணம் உண்ணி மூலம் பரவும் தைலேரியா நோய். பிறந்து சில வாரங்களுக்குப் பின் கடும் காய்ச்சல், நெறி வீக்கம், இரத்தச் சோகை ஆகியவை தோன்றும். சில கன்றுகளில் விழி பிதுங்குவதும், தோலில் சிறு முடிச்சுகள் கிளம்புவதும் உண்டு. இரத்தப் பூச்சுப் பரிசோதனையில் கண்டறிந்து, தொடக்கத்திலேயே புபர்வாகுவோன் என்ற ஊசி மருந்து போட்டால் கன்று பிழைக்கும். எனவே நெறி வீக்கத்தைக் கட்டி என்று நினைத்துப் பற்றுப் போட்டு நாளைக் கடத்தக் கூடாது.

காய்ச்சல் இல்லாமலேயே எல்லா இடங்களிலும் நெறி பெருத்து, 6 மாதத்திற்கு உட்பட்ட கன்று நாளுக்கு நாள் மெலிந்தால், அது இரத்த வெள்ளணுக்களைச் சார்ந்த புற்றுநோயாக இருக்கலாம். இது அபூர்வமானது, இதற்குச் சிகிச்சை இல்லை. இப்படி உறுதியாகிவிட்டால் கடன் வாங்கி மருந்து வாங்குவதில் பயன் இல்லை. எது தேறும், எது தேறாது என்பதைத் தெரிந்துகொள்வதும் சிக்கனமே.

விவசாயி பார்த்து வைக்க வேண்டியவை

மருத்துவர் வந்து கேட்கும் கேள்விகளுக்குச் சரியான விடை சொன்னால் பாதி வேலை முடிந்தது. கீழ்க்கண்டவற்றைக் கவனித்து வைக்கவும்.

1. கட்டி பிறந்த அன்றே இருந்ததா, பின்னர் வந்ததா? வந்த தேதி என்ன?

2. கட்டி ஒன்றா, பலவா? எந்த இடத்தில் உள்ளது?

3. தோலை நகர்த்தினால் கட்டியும் கூடவே நகர்கிறதா, எலும்போடு ஒட்டியிருக்கிறதா? காம்பு போல் தொங்குகிறதா, அகன்ற அடியுடன் இருக்கிறதா?

4. தொட்டால் சூடாக உள்ளதா? கன்று வலியால் உதறுகிறதா? அழுத்தினால் உள்ளே போகிறதா?

5. நிறம் என்ன? முடி உள்ளதா? இரத்தமோ சீழோ கசிகிறதா?

6. கன்று நன்றாகப் பால் குடிக்கிறதா? சாணம் எப்படி உள்ளது? உடல் வெப்பம் 101 முதல் 103 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் இருந்தால் கவலையில்லை.

கட்டி வளர்கிறதா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு நூலைக் கட்டியின் நடுவில் சுற்றி அளந்து, அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டுத் தேதியுடன் எடுத்து வைக்கவும். 15 நாள் கழித்து அதே நூலால் மீண்டும் அளக்கவும். கன்று வளரும்போது கட்டியும் சற்றுப் பெருக்கத்தான் செய்யும். ஆனால் இரண்டு வாரத்தில் முடிச்சுக்கும் நூலுக்கும் வெகுவாக வித்தியாசம் தெரிந்தால் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

செய்யக் கூடாதவை

சூடு போடுவதால் மேல் தோல்தான் வேகும். அடியில் உள்ள கட்டி அப்படியே இருக்கும். வெந்த புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். சேங்கொட்டைப் பால், மயில்துத்தம், சுண்ணாம்பும் சோடாவும் கலந்த கலவை ஆகியவை நல்ல தோலையும் சேர்த்து அரித்துவிடும். தாய்ப் பசு கன்றை நக்கும்போது அதன் நாக்கும் வெந்துபோகும்.

குதிரைவால் மயிரால் அல்லது நூலால் கட்டியின் அடியை இறுக்குவதும் ஆபத்தே. மெல்லிய காம்புள்ள சிறு மருவில் இது பலிக்கலாம். ஆனால் பிறவிக் கட்டியின் அடியில் பெரிய இரத்தக்குழாய் இருக்கக்கூடும். இறுகிய இடத்திற்குக் கீழே சதை அழுகி, ரண ஜன்னிக் கிருமி புகுந்துகொள்ள வழியாகும்.

சவரக் கத்தியால் அறுப்பது எல்லாவற்றிலும் கொடியது. 25 கிலோ எடையுள்ள கன்றின் உடலில் உள்ள மொத்த இரத்தமே ஏறத்தாழ 2 லிட்டர்தான். பெரிய மாட்டுக்குச் சாதாரணமாகத் தோன்றும் அரை லிட்டர் இரத்த இழப்பு, கன்றின் உயிரையே பறித்துவிடும். சீழ்க்கட்டி என்று எண்ணி ஊசி கொண்டு குத்திப் பார்ப்பதும் கூடாது. அது குடலிறக்கமா, இரத்தக் கட்டியா என்பது குத்திய பிறகு தெரிந்து பயனில்லை.

எப்போது அகற்றலாம்?

எல்லாப் பிறவிக் கட்டிகளையும் உடனே அகற்ற வேண்டும் என்பதில்லை. கட்டி சிறிதாக, உலர்ந்து, கன்றின் நடமாட்டத்திற்கும் பால் குடிப்பதற்கும் இடையூறு இல்லாமல் இருந்தால் சில வாரங்கள் பொறுக்கலாம். அதற்குள் கன்று தேறி, அறுவை சிகிச்சையைத் தாங்கும் வலு பெறும். வாய், மூக்கு, கண், ஆசனவாய் ஆகியவற்றை அடைக்கும் கட்டி, இரத்தம் கசியும் கட்டி, உடைந்து புண்ணான கட்டி, விரைந்து வளரும் கட்டி ஆகியவற்றுக்குத் தாமதம் ஆகாது.

எவ்வாறாயினும் சீம்பாலில் குறை வைக்கக் கூடாது. பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள் முதல் சீம்பால் உள்ளே போக வேண்டும். முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வாயில் கட்டி உள்ள கன்று மடியைப் பற்ற முடியாமல் பட்டினி கிடக்கும். அதற்குச் சீம்பாலைக் கறந்து புட்டியில் புகட்ட வேண்டும். கட்டியால் சாகும் கன்றைவிட, கட்டியைப் பார்த்து மனம் வெறுத்து, பால் விடாமல் சாகவிடும் கன்றே அதிகமாக இருந்துவிடக் கூடாது.

தோலோடு நகரும் சிறு கட்டியை உள்ளூர்க் கால்நடை மருத்துவரே மரத்துப்போகும் ஊசி போட்டு அகற்றிவிடுவார். தாடை எலும்பையும் கண்ணையும் சார்ந்தவற்றைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது நல்லது. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கல்லூரிகளில் இதற்கான வசதி உண்டு.

அகற்றிய கட்டியைக் குப்பையில் எறிந்துவிடக் கூடாது. அதில் ஒரு துண்டை, துண்டின் அளவைப் போல் பத்து மடங்கு 10 சத பார்மலின் திரவத்தில் இட்டு, கல்லூரியின் நோய்க்குறியியல் துறைக்கு அனுப்புமாறு மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். அது தீங்கற்ற கட்டியா, மீண்டும் வரக்கூடியதா என்பதை நுண்ணோக்கியால் பார்த்தே உறுதியாகச் சொல்ல முடியும். கண்ணால் பார்த்துச் சொல்வதெல்லாம் ஊகமே.

சிகிச்சைக்குப் பின் கவனிப்பு

தாய்ப் பசு பாசத்தால் தையலை நக்கிக்கொண்டே இருக்கும், தையல் பிரிந்துவிடும். ஆகவே கன்றைத் தனியே கட்டி, பால் குடிக்கும் நேரத்தில் மட்டும் கண்காணிப்பில் விட வேண்டும். தரையில் உலர்ந்த வைக்கோல் பரப்பி, நாள்தோறும் மாற்ற வேண்டும். ஈ அண்டாமல் இருக்கப் புண்ணைச் சுற்றிலும், புண்ணின் மேல் படாமல், வேப்பெண்ணெய் தடவலாம். சாணமும் சாம்பலும் அப்பக் கூடாது. ரண ஜன்னித் தடுப்பு ஊசி பற்றி மருத்துவரிடம் கேட்டு, போட்டுக்கொள்ள வேண்டும். 10 முதல் 14 நாளில் தையல் பிரிக்கப்படும். அதுவரை கன்றைக் குளிப்பாட்ட வேண்டாம்.

இனவிருத்திக்கு வைக்கலாமா?

பிறவிக் கட்டி பெரும்பாலும் தனி நிகழ்வாகவே வருகிறது. அதே பசு அடுத்த ஈற்றில் குறையற்ற கன்று ஈனுவதே வழக்கம். ஆகவே ஒரு கன்றில் கட்டி இருந்தது என்பதற்காக நல்ல கறவைப் பசுவைக் கழித்துவிட வேண்டியதில்லை. ஆயினும் பரம்பரைக் காரணத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. ஆகையால் பிறவிக் குறையுள்ள காளைக் கன்றைப் பொலிகாளையாக வளர்க்கக் கூடாது. உரிய வயதில் காயடித்து வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். தொப்புள் குடலிறக்கம் உள்ள காளைக் கன்றுக்கும் இது பொருந்தும்.

செயற்கைமுறைக் கருவூட்டல் செய்யும்போது உறைவிந்துக் குச்சியில் உள்ள காளையின் எண்ணைக் குறித்து வைக்கும் பழக்கம் பலரிடம் இல்லை. ஒரே காளையின் வழியில் இரண்டு மூன்று கன்றுகளுக்கு ஒரே குறை வந்தால், அந்த எண் கையில் இருந்தால்தான் கருவூட்டல் நிலையத்திற்குத் தெரிவித்து வேறு காளையின் விந்தைப் பெற முடியும். ஊர்க் காளையிடம் விடுபவர்கள், அது ஈன்ற கிடேரியையே மீண்டும் அதனிடம் விடக் கூடாது. நெருங்கிய இரத்த உறவில் மறைந்திருக்கும் குறைகள் வெளிப்படும்.

வைத்துக்கொள்வதா, விற்பதா?

கட்டி அகற்றப்பட்டு, அது தீங்கற்றது என்று அறிக்கை வந்த கிடேரி மற்றக் கிடேரிகளைப் போலவே வளரும், பருவத்திற்கு வரும், சினை பிடிக்கும், பால் தரும். அதை விற்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. கட்டியைக் காட்டித் தரகர் விலையைக் குறைக்கும்போது, ஒரு முறை மருத்துவரிடம் காட்ட ஆகும் செலவையும், இரண்டரை ஆண்டில் வீட்டுக்கு வரப்போகும் கறவை மாட்டின் மதிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யவும். மருத்துவர் தேறாது என்று சொன்ன கன்றானால், நோயை மறைத்து இன்னொரு ஏழை விவசாயியின் தலையில் கட்டுவது நியாயமாகாது. சந்தையில் கன்று வாங்குபவர்களும் தாடைக்கு அடியிலும், ஈறிலும், தொப்புளிலும், மடியிலும், வால் அடியிலும் கையால் தடவிப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கால்நடை அவசர மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். இரத்தப்போக்கு, மூச்சுத் திணறல், திடீரென்று கெட்டிப்பட்ட தொப்புள் வீக்கம் ஆகியவற்றுக்கு இந்த எண்ணைப் பயன்படுத்திக்கொள்ளவும். மற்றக் கட்டிகளுக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகம் போதும். போகும்போது முடிச்சுப் போட்ட நூலையும், கருவூட்டல் அட்டையையும் மறவாமல் எடுத்துச் செல்லவும்.